உப்புப் பள்ளிவாசலைக் கண்ட பயணி இப்னு பதூதா

பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அவ்வாறு சுற்றியோரில் இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் பெயரை நம்மில் பலர் அறிவோம். ஆயினும், பிறர் அதிகம் செல்லாத ஊர்களில் அன்னார் கண்டவற்றை அறிந்தோர் சிலரே. அவற்றில் சிலவற்றை இங்கே காண்போம்.

ஹிஜ்ரி 703ல் (கி.பி. 1304) மொராக்கோவின் தன்ஜா நகரில், காஜிகளைத் தந்த குடும்பத்தில் அன்னார் பிறந்தார்கள். 1325ல், 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார்கள். பெற்றோர் இருவரும் ஹயாத்துடன் இருந்தனர்; பிரிவு இருசாராரையும் வாட்டியது. 1326ல் ஹஜ் நிறைவேறியது. ஆனால் பயணம் நிற்கவில்லை.

வால்கா நதிப் பகுதியிலுள்ள புல்கார் நகருக்கு ரமளானில் சென்றதாக அன்னாரின் நூல் கூறுகிறது. மஃரிப் தொழுது, நோன்பு திறந்து உண்ணும்போதே இஷா பாங்கு ஒலித்ததாம். தராவீஹும் வித்ரும் முடிந்ததும் கிழக்கு வெளுத்துவிட்டதாம். அன்னார் அங்கு நேரில் சென்றார்களா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் கோடையில் வடபுலத்து இரவு சுருங்குவது உண்மை. 14 மணி நேர நோன்புக்கே சோர்ந்துவிடும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

1343ல் மாலத்தீவை அடைந்து, அங்கே காஜியாகி, ஜும்ஆவைப் புறக்கணித்தோரைத் தண்டித்தார்கள். பின்னர் இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறினார்கள். அங்கிருந்து வருகையில் கப்பல் சேதமுற்று நம் தமிழகக் கரையில் ஒதுங்கினார்கள். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அன்னாருக்குச் சகலை முறை. அந்த சுல்தான் சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அன்னார் தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார்கள். உறவினர் என்றோ, உபசரித்தவர் என்றோ உண்மையை மறைக்கவில்லை!

1348ல் திமிஷ்கில் ஒரு செய்தி காத்திருந்தது: தந்தையார் மறைந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. 1349ல் தாயகம் திரும்பியபோது, தாயாரும் கொள்ளைநோயில் மறைந்திருந்தார்கள். தன்ஜாவில் அன்னை வாழ்ந்த வீடு இருந்தது. அன்னையோ கப்ரில் இருந்தார்கள். அந்தக் கப்ரை மட்டுமே மகனால் ஜியாரத் செய்ய முடிந்தது.

1352ல் சஹாரா பாலைவனத்தைக் கடக்கையில் தகாஸா என்னும் ஊரை அடைந்தார்கள். அங்கே மரமில்லை; வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. உப்பை வெட்டியோர் அடிமைகள். குடிநீரும் உவர்ப்பே. இன்று அவ்வூர் மாலி நாட்டின் வடகோடியில் ஆளற்ற இடிபாடாய்க் கிடக்கிறது.

அப்பால், மாலியின் தலைநகரில் ஜும்ஆவுக்கு முந்திச் செல்லாதவருக்கு இடம் கிடையாது. பையன்களிடம் முஸல்லாவைக் கொடுத்தனுப்பி இடம் பிடிப்பார்கள். ஒரே கந்தல் சட்டை உள்ளவரும் அதைத் துவைத்து உடுத்தி வருவார். குத்பா பாதி முடிந்தபின் பள்ளிக்குள் நுழையும் நம்மவர் கவனிக்க!

1355ல் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அன்னார் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய்யி பயண நூலை எழுதி முடித்தார். பின்னர் அன்னார் காஜியாகப் பணியாற்றி, 1368-69 அளவில் மறைந்ததாகக் கூறுவர்.

கடமையான ஹஜ் வேறு. ஊர் சுற்றும் ஆவல் வேறு. பிழைப்புக்காகவும் பார்வைக்காகவும் கடல் கடக்கும் நம் பிள்ளைகள், தொழுகையைப் பேணுவதோடு, பெற்றோரின் முகத்தை அவர்கள் ஹயாத்தாய் இருக்கும்போதே காண விரைய வேண்டும். அல்லாஹ் நம் பயணங்களை நற்பயணங்களாக ஆக்குவானாக! ஆமீன்.