தலைமைப் பொறுப்பு மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலூ

இந்தியாவின் முதல் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளராகக் கருதப்படும் பல்வாங்கர் பாலூ, 1876-ஆம் ஆண்டு தார்வாடில் தலித் குடும்பத்தில் பிறந்தார். புணேயில் ஐரோப்பியர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய் ஊதியத்துக்கு ஆடுகளத்தைப் பராமரித்தார். வலைப்பயிற்சியில் ஆங்கிலேயர்களுக்குப் பந்துவீசியே அவரது இடதுகைச் சுழல் கூர்மை பெற்றது.

ஐரோப்பியர்களை வெல்லும் நோக்கில் புணேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் ஒரே பந்தைத் தொட்ட சக வீரர்கள், இடைவேளையில் அவருக்கு வெளியே மண்குவளையில் தேநீர் அளித்தனர். உணவும் தனியாகவே தரப்பட்டது.

1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியர்களை 109 ரன்கள் வித்தியாசத்தில் வென்றபோது பாலூ அந்த அணியில் இருந்தார். 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஆயினும் அணித் தலைமை அவருக்குக் கிட்டவில்லை.

1920-இல் பல்வாங்கர் குடும்பத்தினர் மீண்டும் புறக்கணிக்கப்பட்டதால் சகோதரர்கள் விட்டலும் சிவ்ராமும் அணியிலிருந்து விலகினர். எதிர்ப்பு வலுத்ததையடுத்து பாலூ துணைத் தலைவரானார். 1923-இல் விட்டல் இந்து அணிக்குத் தலைமை ஏற்றார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட பதவி தம்பிக்கு வாய்த்தது.

பின்னர் பாலூ அரசியலில் நுழைந்தார். 1932-ஆம் ஆண்டு புணே ஒப்பந்தத்தில், தமிழகத் தலைவர் எம்.சி.ராஜாவைப் போல அவரும் கையெழுத்திட்டார். 1937-ஆம் ஆண்டு பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1955-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி காலமானார்.