அண்ணல் அம்பேத்கரும் அரசுகளின் வரவு செலவும்

அண்ணல் அம்பேத்கரை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பி என்று யாவரும் அறிவர். தீண்டாமையை எதிர்த்துப் போராடிய தலைவர் என்றும், புத்த நெறியைத் தழுவிய பெரியார் என்றும் அறிவர். ஆனால் அவர் முதற்கண் ஒரு பொருளியல் அறிஞர் என்பதை நம் இளைஞர்களுள் அறிந்தோர் சிலரே. மக்கள் செலுத்தும் வரிப்பணம் எந்த அரசின் கைக்குச் செல்கிறது, அது மக்களுக்கு எவ்வழியாகத் திரும்பி வருகிறது என்னும் வினாவை இளமையிலேயே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் அவர். கல்விக்கென நிறுவப்பட்ட நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில், அன்னாரது வாழ்வின் இப்பகுதியை எடுத்துரைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

உதவித்தொகையில் கற்ற மாணவர்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் அம்பேத்கர் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். பம்பாயில் பட்டப்படிப்பை முடித்த அம்பேத்கருக்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையே 1913இல் அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது. 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது.

ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி பெற்றும், நண்பரிடம் கடன் வாங்கியும் 1920இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை நிறைவு செய்தார். உதவித்தொகை வந்தால் கல்வி வளரும், நின்றால் கல்வியும் நிற்கும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. தம் வாழ்விலேயே கண்டார். ஒருவர் மனமிரங்கித் தருவது எத்துணை உயர்ந்த கொடையாயினும் அது உரிமையாகாது என்னும் தெளிவு அவருடைய பிற்காலச் செயல்களில் புலனாகிறது.

மாகாண நிதி பற்றிய ஆய்வு

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றைப் பற்றியது. 1925இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதற்கு முன்னுரை வழங்கினார். உதவித்தொகை தந்த பரோடா மன்னருக்கு அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது.

அந்நூலின் சாரத்தைச் சுருங்கக் கூறுவோம். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் நிதி அதிகாரம் முழுவதும் கவர்னர் ஜெனரலின் கையில் குவிந்தது. பணத்தைத் தண்டியவையும் செலவிட்டவையும் மாகாணங்களே. ஆயினும் எதையும் தாமாக முடிவு செய்யும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. மிச்சம் பிடித்தாலும் அது தமக்கு உரியதாகாது ஆகையால் சிக்கனத்திலும் அவற்றுக்கு அக்கறை இல்லை. உரக்கக் கேட்ட மாகாணம் மிகுதியாகப் பெற்றது.

1871இல் மேயோ பிரபு கல்வி, மருத்துவம், சாலை, காவல் முதலிய துறைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்து, அவற்றுக்கென ஒரு தொகையையும் ஒதுக்கினார். 1877இல் சில வருவாய் இனங்களே ஒதுக்கப்பட்டன. 1882 முதல் முக்கிய வருவாய் இனங்களை இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. இவையெல்லாம் மேலிடம் விரும்பித் தந்த ஏற்பாடுகளே. மாகாணத்திற்குச் சட்டப்படியான உரிமை ஏதும் இல்லை என்பதை அம்பேத்கர் சான்றுகளுடன் நிறுவினார்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் வருவாய் இனங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. ஆனால் மத்திய அரசின் பற்றாக்குறையை ஈடுகட்ட மாகாணங்கள் ஆண்டுக்கு 983 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று மெஸ்டன் குழு வகுத்தது. அதில் நம் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 348 லட்சம்; மாகாணங்கள் அனைத்திலும் இதுவே மிகுதி. கல்வித்துறை இந்திய அமைச்சரிடம் தரப்பட்டது; நிதித்துறையோ அவரிடம் தரப்படவில்லை. பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருந்தால் பள்ளிகள் எவ்வாறு பெருகும்?

மன்றத்தில் எழுப்பிய குரல்

1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்த அம்பேத்கர், வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசுவதில் தனிக் கருத்துச் செலுத்தினார். மதுவரியாக மக்களிடமிருந்து பெறும் தொகையளவேனும் அரசு அவர்களுடைய கல்விக்குச் செலவிட வேண்டாமா என்று கேட்டார்.

1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டே தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். காசி, அலிகர் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் பொருளுதவி செய்வதைச் சுட்டிக்காட்டி, நம் மாணவர்களின் உயர்கல்விக்கும் அதுபோல் ஒதுக்கவேண்டும் என்று வாதிட்டார். அதன் பயனாக 1944-45இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கொண்ட உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுவே.

1947இல், மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் தலைப்பில் அவர் எழுதிய அறிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்றது. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விச் செலவு, கல்விக்கான ஒதுக்கீட்டில் பிற செலவுகள் அனைத்திற்கும் முன்னதாக எடுத்து வைக்கப்படவேண்டும் என்றது. உள்நாட்டில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் படிப்புக்கு மாநில அரசுகள் மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கவேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று பொறுப்பையும் பிரித்துக் காட்டியது. இது எந்த அரசின் கடமை என்பதை ஐயமறக் கூறாவிடில், ஓர் அரசு மற்றோர் அரசைக் கைகாட்டிவிடும் என்பதை மாகாண நிதியை ஆராய்ந்த அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சட்டம் தந்ததும் தராததும்

1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த வரைவுக்குழுவுக்கு அவர் தலைவரானார். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என மூன்றாகப் பிரித்தது. வரிவருவாயைப் பங்கிடுவது குறித்துப் பரிந்துரைக்க, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் நிதிக்குழு அமைக்கவேண்டும் என்று 280ஆம் விதி கூறிற்று. இது அவர் ஒருவருடைய கருத்தன்று. நிதி வல்லுநர் குழுவும் இதனைப் பரிந்துரைத்தது. எனினும் மேலிடத்தின் விருப்பமாக இருந்த பங்கீடு சட்டத்தின் ஏற்பாடாக மாறியது பெரும் மாற்றமாகும். முதல் நிதிக்குழு 1951இல் அமைந்தது. 2021-26க்கான பதினைந்தாம் நிதிக்குழு, பங்கிடத்தக்க மத்திய வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு.

ஆனால் 1947ஆம் ஆண்டு அறிக்கை கேட்ட முதலிடம் சட்டத்தில் இடம்பெறவில்லை. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுமாறு கூறும் 46ஆம் விதி வழிகாட்டு நெறியாக மட்டுமே அமைந்தது. நீதிமன்றத்தின் வாயிலாக அதனை நிறைவேற்றுவிக்க இயலாது. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றது. எனவே நம் மாணவரின் உதவித்தொகை, ஆண்டுதோறும் இரு அரசுகள் செய்யும் ஒதுக்கீட்டையே நம்பி நிற்கிறது.

அதன் விளைவைப் பார்ப்போம். ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியாண்டில் ஆன உதவித்தொகைச் செலவு மாநிலத்தின் நிலையான பொறுப்பாக இருந்தது. அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு தரும் என்பது நெடுங்கால நடைமுறையாக இருந்தது. மாணவர் பெருகப் பெருக மாநிலங்களின் சுமை ஏறிற்று. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 60க்கு 40 என்ற பங்கீட்டை ஏற்றது. 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி. அத்திட்டப்படி மாநிலம் முதலில் தன் 40 பங்கைச் செலுத்த, பின்னர் மத்திய அரசின் 60 பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேராகச் சேரும். முன்னது தாமதமானால் பின்னதும் தாமதமாகும்.

மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கவேண்டும் என்ற அண்ணலின் கருத்தோ 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டமாக உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 2024இல் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. 1947இல் எழுதியது சட்டமாக 77 ஆண்டுகள் சென்றன.

நாம் செய்யவேண்டியது

1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். அன்னாரது வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கோரிக்கை எத்துணை நியாயமாயினும், அதற்குரிய பணம் எந்த அரசின் எந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும் என்று அறிந்து கேட்பவரே பெறுவர்.

இளையாத்தங்குடியைச் சூழ்ந்த இச்செட்டிநாட்டுச் சீமை பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் பேர்போனது. கணக்கறிந்தவர் கடல் கடந்து வாணிகம் செய்த இம்மண்ணில், நம் இளைஞர்களும் அரசுகளின் கணக்கை அறிதல் வேண்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை கட்டணம் செலுத்த வழியின்றி இடையில் நிற்பதை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உரிய காலத்தில் பெறுக; வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்து வைக்க. தொகை வராதபோது, நின்றது மாநிலத்தின் 40 பங்கா, மத்திய அரசின் 60 பங்கா என்று ஆராய்ந்து உரிய அலுவலகத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க. ஆண்டுதோறும் இரு அரசுகளின் வரவு செலவுத் திட்டங்களில் நமக்கென ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று நம் கழகத்தில் கூடிப் படிக்க.

ஒரு மன்னரின் உதவித்தொகையில் தொடங்கிய அண்ணலின் கல்வி, எண்ணற்ற மாணவர்க்கு உதவித்தொகை கிடைக்க வழிகோலியது. 1947இல் அவர் கேட்ட முதலிடத்தை நம் கல்விக்குப் பெற்றுத் தருவது இனி நம் கடமையாகும்.