பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்

பிறப்பே குற்றமாகுமோ? ஆகும் என்றது அந்நாளைய சென்னை மாகாணத்தில் வழங்கிய ஒரு சட்டம். அதனை எதிர்த்து நின்ற ஜார்ஜ் ஜோசப் அவர்களின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

இவர் 1887-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரிற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் கற்று, இலண்டனிற் சட்டம் பயின்று, 1909-இல் தாயகம் மீண்டார். பின்னர் மதுரையில் வழக்கறிஞராய் அமர்ந்தார். 1918-இல் அங்கு ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைய உழைத்தார்.

அக்காலத்தே குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர் முதலிய குடிகளை வருத்திற்று. ஒரு பிழையும் செய்யாதவரும் கைரேகை பதிதல் வேண்டும். அதனினும் கொடியதொன்று உண்டு. ஆறு வயதிற்கு மேல் பதினெட்டிற்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. ஏனைய சிறுவர் குற்றஞ்சாட்டப்பட்ட பின்னரே நீதிபதிமுன் நிற்பர்; இச்சிறுவர்க்கோ குலமே சாட்சி, குலமே தீர்ப்பு. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். ஜோசப் இம்மக்களுக்காக நீதிமன்றங்களில் வழக்காடினார், பத்திரிகைகளில் எழுதினார். அம்மக்களும் அவரை ரோசாப்பூத் துரை என அன்புடன் அழைத்தனர்.

1938-இல் அவர் மதுரையில் மறைந்தார். சட்டம் ஒழிந்ததோ 1947-இல். அந்நாளைக் காண அவர் இலர்.

சட்டம் ஒழிந்தது, ஐயுறும் கண் ஒழிந்ததா? வேலூரிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடுவோர் குடியிற் பிறந்த சிறுவன்மீது பழி விழுங்கால், அவன் செய்ததை வினவுகின்றோமா, பிறந்த தெருவை வினவுகின்றோமா? மாணவராகிய நாம் இதனை நம் நெஞ்சையே கேட்டல் தகும்.