குட்டி வீடு கட்ட நினைப்பவர்களுக்கு: காந்தி குடியிருந்த வீடுகள்

மாலையில் மொட்டை மாடியில் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. வேப்பந்தட்டைப் பக்கம் அரை ஏக்கர், செந்துறைப் பக்கம் முந்திரிக் கொல்லை என்று ஊரில் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள், ரிட்டயர் ஆன பிறகு அங்கே ஒரு குட்டி வீடு கட்ட வேண்டும் என்கிறீர்கள். (அவசரத்தில் 'சின்ன வீடு' என்று சொல்லிவிடாதீர்கள், வம்பு.) போனில் டிசைன் படங்களாகச் சேர்த்தும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களோடு ஒரு மனிதரின் வாழ்க்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மோகன்தாஸ் காந்தி 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பெரிய கூட்டுக் குடும்ப வீட்டில் பிறந்தார். லண்டனில் பாரிஸ்டர் படித்து, தென்னாப்பிரிக்காவில் நன்றாகச் சம்பாதித்தார். வருமானம் ஏற ஏற நாம் பெரிய வீட்டுக்குப் போவோம். அவர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

1904இல் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். மண் சுவர், புல் கூரை அல்லது சிறு செங்கல் வீடு என்பதுதான் அவர் ஆசை. ஆனால் அதற்குச் செலவும் நாளும் கூடுதலாகும் என்று தெரிந்ததும் தகர ஷீட் வீடுகளே எழுந்தன. இயற்கை வீடு என்றால் மலிவு என்று நம்பிக் கொத்தனாரிடம் போய் அதிர்ச்சி அடைந்தவர்கள் நம்மிலும் உண்டு. காந்திக்கே அந்தக் கதிதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். ஆப்பிரிக்கக் குடிசைகளின் மாதிரியில், புல் கூரையும் வட்ட அறைகளுமாக அவர் கட்டிய 'கிரால்' வீட்டில் 1908, 1909 ஆண்டுகளில் காந்தி அவருடன் வசித்தார். 1910இல் அதே காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கிய இடம் அது. அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். சுகாதாரமும் கடைகண்ணி வேலையும் தம்பி நாயுடுவின் பொறுப்பு. அங்கும் தகர வீடுகள்தான். பெண்களுக்குத் தனிக் கட்டடம், ஆண்களுக்குத் தனிக் கட்டடம்.

சபர்மதி ஆசிரமத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1930 மார்ச் 12 அன்று தண்டிக்குக் கிளம்பியவர், விடுதலை கிடைக்காமல் திரும்புவதில்லை என்று அதை விட்டுவிட்டார்.

நமக்கு வேண்டிய வீடு அதற்குப் பின்னால் வருகிறது. 1936இல் வார்தாவுக்கு அருகில் சேகாவ்ம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். பின்னாளில் சேவாகிராம் ஆன ஊர். பருத்தி விளையும் கரிசல் பூமி, நம் பக்கத்தைப் போலவே கொளுத்தும் வெயில். செலவுக்கு வரம்பு வைத்து, உள்ளூரில் கிடைக்கும் மண், மூங்கில், மரம், நாட்டு ஓடு கொண்டு கட்டச் சொன்னார். உள்ளூர்ப் பொருள் என்ற அந்த விதியை அரியலூரில் கடைப்பிடித்தால் சிமென்ட்தான் முதலில் வந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் கட்டிய ஆதி நிவாஸில் ஒரே கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். காந்திக்கு ஒரு மூலை. கூட்டம் தாங்காமல், மீராபென் தனக்காகக் கட்டியிருந்த குடிலுக்கு அவர் மாறினார். அதுதான் பாபு குடில். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் மகளான மீராபென், கிராமத்து வீடுகளைப் பார்த்தே அதை அமைத்திருந்தார். சுவரில் பனைமர உருவங்களை மண்ணாலேயே புடைப்பாகச் செய்தார். வெயில் சுவரில் படாதபடி தாழ்ந்து இறங்கிய கூரை, சுற்றிலும் தாழ்வாரம், சாணம் மெழுகிய தரை, உட்கார ஒரு பாய். அலமாரியும் மண்சுவரிலேயே அடக்கம். பாம்பைக் கொல்லாமல் பிடித்து வெளியே விட ஒரு மர இடுக்கி. கொல்லையில் கட்டப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொசுவையும் மறக்க வேண்டாம். அங்கே போன முதல் ஆண்டே காந்திக்கு மலேரியா வந்தது. மண்சுவருக்கும் மண்தரைக்கும் விடாத பராமரிப்பு தேவை என்பதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

படங்களில் தெரியாத ஒன்று இருக்கிறது. கஸ்தூரிபா. எந்நேரமும் ஆண்கள் வந்துபோகும் இடத்தில் அவருக்கென்று ஒரு மறைவு இல்லை. உடை மாற்ற, சற்றுப் படுக்க எங்கே போவார்? அந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டு ஜம்னாலால் பஜாஜ் அவருக்குத் தனியாக ஒரு குடில் கட்டிக் கொடுத்தார். எளிமையில் இவ்வளவு தூரம் போன காந்தியின் வரைபடத்தில், மனைவிக்கான அறை முதலில் விடுபட்டுத்தான் போயிற்று. உங்கள் பிளானை வீட்டில் காட்டிவிட்டீர்களா?

1942 ஆகஸ்டில் இருவரும் கைதாகிப் புனேயில் ஆகா கான் மாளிகையில் அடைக்கப்பட்டார்கள். பெரிய மாளிகை. 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா அங்கேயே இறந்தார். விடுதலையான பின் காந்தி சேவாகிராம் திரும்பினார். 1946 ஆகஸ்டில் அங்கிருந்து கிளம்பியவர் மறுபடி அந்தக் குடிலைப் பார்க்கவில்லை. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குடில்கள் இன்றும் இருக்கின்றன. சென்னை–டெல்லி ரயில் பாதையில் சேவாகிராம் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. போனால் கையில் ஓர் இன்ச் டேப் எடுத்துப் போங்கள். பாபு குடிலை எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பா குடிலை முதலில் அளந்து பாருங்கள்.