வெறுங்காலோடு கிளாஸ்கோவை அசத்திய கல்கத்தாக்காரர்... யார் இந்த முகமது சலீம்?

சிவகிரி மாதிரி ஊரில் ஃபுட்பால் ஆட என்ன வேணும்? ஒரு பந்து, நாலு செருப்பு. அவ்வளவுதான். ரெண்டு செருப்பு இந்தப் பக்கம், ரெண்டு செருப்பு அந்தப் பக்கம். கோல் போஸ்ட் ரெடி. செருப்பெல்லாம் போஸ்ட் ஆகிவிட்டதால் ஆட்டம் வெறுங்காலில்தான். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மேட்ச் ஓடும். காலில் முள் குத்தும், நகம் பெயரும், வீட்டுக்குப் போனால் திட்டு விழும். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் திரும்பவும் அதே இடம், அதே நாலு செருப்பு.

நீங்களும் அப்படி ஆடினவர் என்றால், இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1936-ல் ஓர் இந்தியர், இதே மாதிரி வெறுங்காலோடு கப்பலேறிப் போய், ஸ்காட்லாந்தின் சாம்பியன் கிளப்பான செல்டிக்கின் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். அவர் பெயர் முகமது சலீம். மெஸ்ஸி, ரொனால்டோ என்று ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்க்கிற நமக்கு, இவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை, இல்லையா? வாங்க, பார்ப்போம்.

மருந்துக்கடை டு மைதானம்

சலீம் பிறந்தது 1904-ல், கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில். ஆங்கிலேயர்களிடம் அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா கடைசிக் காலத்தைக் கழித்த இடம் அது. சலீமின் குடும்பம் ரொம்ப வசதியானது இல்லை. படித்து முடித்து மருந்துக்கடையில் வேலை. ஆனால், மனசு மட்டும் மைதானத்தில்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சலீமுக்கு ஏழு வயசு இருக்கும்போது, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்தது. மோகன் பகானின் பதினொரு பேரில் ஷூ போட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற பத்து பேரும் வெறுங்கால். நாட்டை ஆள்கிறவனை, ஷூ போட்டவனை, நம்ம ஆட்கள் வெறுங்காலோடு ஜெயிக்கலாம் என்று அந்த ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெறுங்கால் ஆட்டத்துக்கு ஒரு தனி ருசி உண்டு. அது ஆடினவர்களுக்குத் தெரியும். பந்து காலில் படும் இடம் துல்லியமாகத் தெரியும். விரலால் இழுக்கலாம், உள்ளங்காலால் உருட்டலாம், சட்டென்று திருப்பலாம். காய்ந்த தரையில் வெறுங்கால்காரனைப் பிடிப்பது கஷ்டம். ஆனால், மழை பெய்துவிட்டால் கதையே வேற. தரை வழுக்கும். அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனம் ஏறும். எதிரே இருப்பவனின் பூட்ஸ் காலை மிதித்தால் விரல் காலி. சலீம் ஆடியது இத்தனைக்கும் நடுவில்தான்.

பவ்பஜார் பகுதி கிளப்பில் ஆடத் தொடங்கி, வேறு சில அணிகளில் இருந்துவிட்டு, 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு வந்தார். இடம், வலது ஓரத்து ஃபார்வர்டு. இன்றைய பாஷையில் ரைட் விங்கர். ஓரத்தில் பந்தை வாங்கி, ரெண்டு மூன்று பேரை ஏமாற்றிவிட்டு, நடுவில் நிற்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. கோல் அடித்தவன் பெயர் பேப்பரில் வரும். கொடுத்தவன் பெயர் மைதானத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

1898-ல் தொடங்கிய கல்கத்தா லீகை அதுவரை ஓர் இந்திய கிளப்கூட ஜெயித்ததில்லை. ஆங்கிலேய ராணுவ அணிகளும் ஆங்கிலேய கிளப்புகளுமே கோப்பையைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்திருந்தன. 1934-ல் முகமதன் அதை உடைத்தது. அதோடு நிற்கவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அதே அணிதான் சாம்பியன்.

சீனா வந்தது... சலீம் காணாமல் போனார்!

1936. பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குக் கிளம்பிய சீன ஃபுட்பால் அணி வழியில் இந்தியா வந்தது. அந்த அணியின் கேப்டன் லீ வாய் டாங். ஹாங்காங்கில் பிறந்த இந்த ஃபார்வர்டை ஆசியாவின் ஃபுட்பால் ராஜா என்றே கொண்டாடினார்கள். பேருக்குத்தான் ராஜா, அணியின் கையில் காசு இல்லை. தென்கிழக்கு ஆசியா, பர்மா, இந்தியா என்று போகிற வழியெல்லாம் மேட்ச் ஆடி, டிக்கெட் வசூலை வைத்துத்தான் ஒலிம்பிக்ஸ் செலவைச் சமாளித்தார்கள். திருவிழாவுக்குத் திருவிழா கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற சர்க்கஸ் கம்பெனி மாதிரி ஒரு பயணம்.

கல்கத்தாவில் அவர்களோடு இந்திய அணிக்கு ரெண்டு மேட்ச். முதல் மேட்ச்சில் சலீம் ஆடிய ஆட்டத்தைச் சீனத் தரப்பே மனசாரப் பாராட்டியது. ரெண்டாவது மேட்ச்சுக்கு அணி தயாரானபோது ஆளைக் காணோம். தேடினார்கள், கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். இங்கிலாந்தில் இருந்த உறவினர் ஹஷீம் அந்த நேரம் ஊருக்கு வந்திருந்தார். முதல் மேட்ச்சைப் பார்த்தவர், இந்த ஆட்டத்தை ஐரோப்பாவில் ஆடிக் காட்டணும் என்று சலீமைப் பிடித்துக்கொண்டார். பேசிப் பேசியே சம்மதிக்க வைத்து, கப்பலும் ஏற்றிவிட்டார். கெய்ரோவில் சில நாள் தங்கல், பிறகு லண்டன், அங்கிருந்து கிளாஸ்கோ.

ஷூ இல்லாத ஆளுக்கு ட்ரையலா?

அப்போதைய செல்டிக் என்பது சாதாரண கிளப் இல்லை. 1935-36 சீசனின் ஸ்காட்லாந்து லீக் சாம்பியன். அந்த ஒரே சீசனில் ஜிம்மி மெக்ரோரி லீகில் மட்டும் 50 கோல் அடித்திருந்தார். மேனேஜர் வில்லி மேலி 1897-லிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர். எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழுத்த ஆள்.

அவரிடம்தான் ஹஷீம் போய் நின்றார். இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு ட்ரையல் கொடுங்கள், ஆனால் அவர் ஷூ போட மாட்டார் என்றார். மேலிக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. வராமல் இருக்குமா? சம்பளம் வாங்கி ஆடுகிற, முரட்டு பூட்ஸ் போட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நடுவில் வெறுங்காலோடு ஒருவரா? இருந்தாலும் கதவைச் சாத்தவில்லை. ஆடிக் காட்டச் சொன்னார்.

கிளப்பின் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் பார்க்க, சலீம் பந்தைத் தொட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேட்ச்சில் இறக்கலாம் என்று முடிவானது.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்லணும். சோஷியல் மீடியாவில் சிலர் எழுதுவதுபோல இவை முதல் டிவிஷன் லீக் மேட்ச்கள் இல்லை. அலையன்ஸ் என்ற இரண்டாம் நிலைப் போட்டிகள். ஹாமில்டன் அணியோடு ஆடியதில் செல்டிக் 5-1 என்று ஜெயித்தது. 1936 ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணியோடு 7-1. அந்த ஏழில் மூன்று கோல்கள் சலீமின் காலிலிருந்து போன பந்துகளால் வந்தவை. அன்றைக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தபோது அவரையே அடிக்கச் சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுத்துவிட்டார். மறுநாள் பத்திரிகைகள் அவரை வித்தைக்காரரோடு ஒப்பிட்டு எழுதின. சலீமுக்கு இங்கிலீஷ் வராது. பேசவேண்டியதை எல்லாம் ஹஷீம்தான் பேசினார்.

அந்த நாட்களின் போட்டோ ஒன்று இருக்கிறது. உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள், கிடைக்கும். சலீம் உட்கார்ந்திருக்கிறார். செல்டிக்கின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி, குனிந்து அவருடைய காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். தன் காலத்தில் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கே ஆடிய பெரிய ஃபார்வர்டு அவர். நம் நாட்டை ஆங்கிலேயர் ஆண்டுகொண்டிருந்த வருஷம் அது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். வேற மாதிரி தெரியும்.

வீட்டு ஞாபகம்

இதற்குப் பிறகு என்ன ஆகியிருக்கணும்? ஒப்பந்தத்தில் கையெழுத்து, சம்பளம், பேர், புகழ். செல்டிக் அவரை அந்த சீசன் முழுக்க வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது. ஜெர்மனியிலிருந்தும் ஓர் அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள். சலீம் எதற்கும் சம்மதிக்கவில்லை. வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்குப் போகணும் என்றார்.

அட, இப்படி ஒரு சான்ஸை விடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிடிக்காது, தூக்கம் வராது, போனில் அம்மா குரலைக் கேட்டால் தொண்டை அடைக்கும். நமக்காவது போன் இருக்கிறது, லீவு கிடைத்தால் சிவகிரிக்கு பஸ் இருக்கிறது. சலீமுக்கு இருந்ததோ வாரக்கணக்கில் கப்பலில் போகிற கடிதம் மட்டும். பாஷை தெரியாத ஊர், பழகாத குளிர். மைதானத்துக்குள் தொண்ணூறு நிமிஷம் ராஜா. வெளியே வந்தால் ஹஷீமை விட்டால் பேச ஆள் இல்லை.

கிளம்பும் முன் செல்டிக் அவருக்காக ஒரு நிதி மேட்ச் நடத்தி, வசூலில் 5 சதவிகிதம் தருவதாகச் சொன்னது. அன்றைக்கு ஆட்டம் பார்க்க அநாதைக் குழந்தைகளும் அழைக்கப்பட்டிருந்தார்கள். தன் பங்கை அவர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னார் சலீம். கிழக்கு கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்க்கணும் என்று தொடங்கப்பட்ட கிளப் செல்டிக். அது சலீமுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அந்தக் கிளப் எதற்காகப் பிறந்ததோ அதையே செய்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து, பழையபடி முகமதனின் வலது ஓரத்தில் நின்றார். 1937, 1938 லீக் கோப்பைகளும் கிளப்புக்கு வந்தன.

அவர் விட்டுவந்த கதவு ரொம்ப நாள் மூடியே கிடந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி, ரெண்டு பெனால்ட்டிகளைத் தவறவிட்டு பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதன் பிறகு ஷூ கட்டாயம் ஆனது. சலீமின் வித்தை இருந்த உலகம் அத்தோடு முடிந்தது. ஓர் இந்தியர் ஐரோப்பிய கிளப்புடன் ஒப்பந்தம் போட்டது 1999-ல், இங்கிலாந்தின் பரி அணிக்கு பாய்ச்சுங் பூட்டியா போனபோதுதான். நடுவில் 63 வருஷம்!

ஒரு கடிதம், நூறு பவுண்டு

வருஷங்கள் ஓடின. சலீமுக்கு வயசாகி, உடம்புக்கு முடியாமல் போனது. அப்போது அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பா உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், வைத்தியத்துக்குப் பணம் தேவை என்று. உண்மையில் பணம் கேட்பது அவர் நோக்கம் இல்லை. ரெண்டே மேட்ச் ஆடிவிட்டுப் போன தன் அப்பாவை அந்த ஊரில் இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினார்.

பதில் வந்தது. உள்ளே 100 பவுண்டுக்கு ஒரு பேங்க் டிராஃப்ட். மகன் அதைப் பணமாக மாற்றவே இல்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1980-ல் சலீம் காலமானார். ஜெயித்தாரா, தோற்றாரா என்று ஸ்கோர்போர்டு பார்த்துச் சொல்ல முடியாத வாழ்க்கை. ஆடிக் காட்டணும் என்று போனார், ஆடிக் காட்டினார், வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, சாயங்காலம் பசங்க ஆடுகிற பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஓரத்தில் பந்தை வாங்கி, கோல் அடிக்காமல் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற வெறுங்கால் பையன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். அவனிடம் சலீம் கதையைச் சொல்லுங்கள்.