பூட்டுத் தொழிலாளியின் மகன் கண்ட மின்சாரக் கணக்கு

பள்ளியில் விஞ்ஞானம் படித்தவர்கள் ஓம் விதியை மறந்திருக்க மாட்டார்கள். அந்த விதியைக் கண்டவர் அதற்காகப் பட்ட பாடுதான் பலருக்குத் தெரியாது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஜெர்மனியில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. முறையாகப் படிக்காதவர், ஆனால் தாமாகவே கணிதமும் விஞ்ஞானமும் கற்றவர். ஓமுக்கு 10 வயதானபோது தாய் இறந்துவிட்டார். 7 குழந்தைகளில் மிஞ்சியவர்கள் மூவரே. தந்தையே பிள்ளைகளுக்கு ஆசானாகவும் இருந்தார்.

1805-ல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், பனிச் சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். தந்தைக்குக் கோபம் வந்தது. படிப்பு பாதியில் நின்றது. சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1811-ல் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார்.

கொதிநீரும் பனிக்கட்டியும்

1817-ல் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பி நீளமானால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத் தொடங்கினார். அக்காலத்துப் பாட்டரிகள் சீக்கிரமே வலுவிழந்துவிடும். அதனால் 1825-ல் அவர் வெளியிட்ட முதல் கணக்கு தவறாகப் போயிற்று.

ஓம் சோர்ந்துவிடவில்லை. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். சூடு மாறாததால் மின்சாரமும் ஒரே சீராக வந்தது. வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை மாற்றி மாற்றி வைத்து அளந்து, சரியான விதியைக் கண்டார். 1827-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

பாராட்டு வரவில்லை. மின்சாரத்தைக் கணித முறையில் விளக்கியது அன்றைய அறிஞர் பலருக்குப் பிடிபடவில்லை. எதிர்பார்த்த பேராசிரியர் பதவியும் கிடைக்கவில்லை. மனம் நொந்த ஓம் கொலோன் வேலையை விட்டார். சில வகுப்புகள் நடத்திக் காலம் தள்ளினார். 1833-ல்தான் நியூரம்பர்க் நகரில் நிலையான வேலை கிடைத்தது.

வீட்டுக் கணக்கு

அவர் சொன்ன விதி எளியது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 2-ஆல் வகுத்தால் 115. அதன் தடை 115 ஓம்.

அது எவ்வளவு சக்தி வாங்குகிறது என்பதற்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்க வேண்டும். 460 வாட் வரும். விடாமல் 2 மணி நேரம் ஓடினால் 920 வாட்-மணி. 1,000 வாட்-மணிதான் மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட்.

கடைசியில் வந்த பெருமை

புத்தகம் வெளிவந்து 14 ஆண்டுகள் கழித்து, 1841-ல், லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. 1852-ல், 63-ம் வயதில், மியூனிக் பல்கலைக் கழகப் பேராசிரியரானார். இளமையில் விரும்பிய பதவியை அவர் அனுபவித்தது இரண்டே ஆண்டுகள். 1854 ஜூலை 6-ந் தேதி காலமானார்.

1881-ல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு, மின்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர் சூட்டியது. வேலைக்காக அலைந்த அந்த ஆசிரியரின் பெயர் இன்று உலகெங்கும் மின்சாரத் தொழிலாளர்கள் கையிலுள்ள மீட்டரில் இருக்கிறது.