தூக்கணாங்குருவி கண்ட சலீம் அலி

பறவையியலில் பாரதத்தின் பெயரைப் பாரெங்கும் நிலைநாட்டிய சலீம் அலி, 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அன்றைய பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

பெர்லின் நகரில் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்று 1930-இல் தாயகம் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவி நிதிக் குறைவால் நீக்கப்பட்டிருந்தது. வேலையிழந்த அவர், மனைவியாருடன் அலிபாக்கை அடுத்த கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. அவற்றை அம்மழைக்காலத்தில் இடைவிடாது கண்காணித்தார்.

ஆண் குருவியே கூட்டைப் பாதியளவு பின்னுகிறது. பெடை வந்து சோதித்து ஏற்றபின்னரே அதனை முடிக்கிறது. பெடை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூடு பின்னி மற்றொரு பெடையை அழைக்கிறது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி அங்கில்லை. இவ்வுண்மையை விளக்கும் அவரது கட்டுரை 1931-இல் வெளிவந்து, அறிஞருலகில் அவருக்குப் புகழ் சேர்த்தது.

பின்னர் மேற்கொண்ட பறவை ஆய்வுப் பயணங்களில் காட்டு முகாம் வாழ்வின் இன்னல்களைத் தெஹ்மினாவும் உவந்தேற்றார். 1939-இல் அவ்வம்மையார் மறைந்தார். சலீம் அலி மறுமணம் புரியவில்லை. துயரைப் பணியில் ஆற்றினார். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் 1941-இல் வெளிவந்தது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987-இல் மறைந்தார்.

பதவி பறிபோன வேளையிலும் பணியைத் தேடிக்கொண்ட அன்னாரின் வாழ்வு, பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்த நமக்கும் நம் மக்கட்கும் நல்லதொரு பாடமாகும்.